கொள்ளிடம் முகத்துவாரத்தில் கடல் உயிரியல்: எதை அள்ளுவது, எப்படி எண்ணுவது?

(கேள்வி-பதில் உரையாடல். ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கரைமேடு

மயிலாடுதுறை பக்கத்துப் பள்ளி. பதினோராம் வகுப்பு உயிரியல் மாணவர்கள் 18 பேர். கடல் உயிரியல் என்றதும் திமிங்கிலம், பவளப்பாறை என்றே பேசுகிறார்கள். கொள்ளிடம் முகத்துவாரத்தை ஒட்டிய பழையாறும், தரங்கம்பாடியும் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இருக்கின்றன. கையில் ஒரு கூட்டு நுண்ணோக்கி, ஒரு ஸ்டீரியோ நுண்ணோக்கி, கொஞ்சம் பணம். இரண்டு கேள்விகள். கடலாய்வாளர்கள் செய்யும் வேலையில் எதை இந்தக் கரையில் நின்றே ஒழுங்காகச் செய்ய முடியும்? பிள்ளைகள் எழுதி வைப்பதை நாளைக்கு இன்னொருவர் எடுத்துப் பார்த்தால் நம்பும்படி இருக்க என்ன செய்ய வேண்டும்?

உப்பங்கழி

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஒரு புட்டி கடல்தண்ணீரில் ஆயிரம் உயிரி இருக்கலாம். அவை எவ்வளவு தண்ணீரிலிருந்து வந்தன, ஏற்றத்தில் எடுத்ததா வற்றத்தில் எடுத்ததா, எந்த ஆழம், எந்தக் கண் அளவு வலை என்பதெல்லாம் எழுதப்படவில்லை என்றால் அந்தப் புட்டியை வைத்து எதுவுமே சொல்ல முடியாது. கப்பலில் போய் எடுத்தாலும் இதே கதிதான்.

பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்ய சென்னாக்கூனியிலிருந்து தொடங்குங்கள். சந்தையில் காயவைத்து விற்கிற அந்தக் கூனி, மிதவை உயிரி. பிறந்ததிலிருந்து சாகும்வரை நீரோட்டத்தின் போக்கிலேயே வாழ்கிறது. நண்டும் சிங்கி இறாலும் அப்படியில்லை. குஞ்சுப் பருவத்தில் மட்டும் மிதந்து, பிறகு தரையில் இறங்கிவிடும். மடவை, கொடுவா போன்றவை நீரோட்டத்தை எதிர்த்து நீந்துபவை. மட்டி, ஆளி, சேற்றுப் புழு எல்லாம் தரையில் வாழ்பவை. இந்த மூன்று வகையையும் மூன்று வேறு கருவிகளால்தான் பிடிக்க முடியும். கடல் உயிரியலின் களமுறைகள் பெரும்பாலும் இந்தப் பிரிவிலிருந்து வந்தவையே.

அடுத்து உப்பு. நம் பக்கத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அதுதான். காவிரியின் வெள்ளம் முக்கொம்பில் பிரிந்து பெரும்பாலும் கொள்ளிடம் வழியாகவே வடிகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் முகத்துவாரத்தின் மேல்தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீர். சித்திரை, வைகாசியில் அதே இடம் கடலுக்குச் சமம். முத்துப்பேட்டைக் காயலில் கோடையில் ஆவியாதல் கூடி, கடலையும் மிஞ்சிய உப்பு வரும். ஆகவே ஒரே ஒரு நாள் போய் எடுத்துவிட்டு 'கொள்ளிடத்தில் இன்னின்ன உயிரிகள் வாழ்கின்றன' என்று எழுதக் கூடாது.

உப்பு பார்க்கக் கைக்கருவி ரிஃப்ராக்டோமீட்டர் போதும். முதலில் வாலை வடிநீர் இரண்டு சொட்டு விட்டுச் சுழியத்தில் நிறுத்துங்கள். பிறகு மாதிரியை விட்டு அரை நிமிடம் பொறுத்துப் படியுங்கள். உடனே படித்தால் சொட்டின் சூடு கண்ணாடியோடு சமமாகியிருக்காது, எண் தவறும். மேல்தண்ணீரை மட்டும் பார்ப்பதும் தப்பு. உப்புத்தண்ணீர் கனமானது; ஆற்றுநீருக்கு அடியில் ஆப்பு போல உள்ளே நுழையும். மேலே உப்பு 5 (ஆயிரத்தில் 5 பங்கு) காட்டுகிற நேரத்தில் அடியில் 25 காட்டக்கூடும். மேலே நன்னீர் உயிரியும் அடியில் கடல் உயிரியும் ஒரே படகடியில் கிடைப்பது இதனால்தான்.

வலைநுனி

மிதவை உயிரிக்கு வலை வாங்க வேண்டாம், தைக்கலாம். ஸ்கிரீன் பிரிண்டிங் செய்பவர்கள் பயன்படுத்தும் பாலியெஸ்டர் துணி கிடைக்கும். 43டி என்றால் ஒரு செ.மீ.க்கு 43 இழை, கண் அளவு சுமார் 150 மைக்ரான். இறால் குஞ்சு, துடுப்புக்காலி (கோப்பிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுயிரி), நண்டு லார்வா எல்லாம் நிற்கும். 120டி என்றால் சுமார் 50 மைக்ரான், டயாட்டம் போன்ற தாவர மிதவைக்கு. கடைக்காரர் சொல்லும் எண் செ.மீ.க்கா, அங்குலத்துக்கா என்று கட்டாயம் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் நுண்ணோக்கியில் ஒரு துண்டை வைத்து ஒரு மி.மீ.க்குள் எத்தனை இழை என்று எண்ணிவிடலாம்.

வாய்க்கு 30 செ.மீ. விட்டத்தில் ஒரு கம்பி வளையம். அங்கிருந்து கூம்பு போலக் குறுகி, நுனியில் 250 மி.லி. அகலவாய்ப் புட்டி. வளையத்தில் சம தூரத்தில் மூன்று கயிறு கட்டி ஒரு முடிச்சில் சேருங்கள். மூன்றும் ஒரே நீளமில்லை என்றால் வாய் சாய்ந்துவிடும், கொள்ளும் தண்ணீர் குறையும். வளையத்தின் கீழ்ப்பக்கம் 200 கிராம் ஈயம். கூம்பின் நீளம் 1 மீட்டர்.

உப்பங்கழி

1 மீட்டர் நம் தண்ணீருக்குப் போதாது. கணக்கைப் பாருங்கள். வாயின் பரப்பு 707 சதுர செ.மீ. ஒரு மீட்டர் கூம்பின் துணிப் பரப்பு சுமார் 4,700. 43டி துணியில் கண்களாகத் திறந்திருப்பது ஏறக்குறைய 42 விழுக்காடு, அதாவது 1,970. வாய்க்கும் திறப்புக்கும் விகிதம் 2.8தான் வருகிறது. தெளிந்த கடலுக்கே 3 முதல் 5 வரை வேண்டும். வண்டல் கலந்த கழிமுகத்தில் கண்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்த பிறகு தண்ணீர் வலைக்குள் போகாமல் வாயின் ஓரத்தால் ஒதுங்கி ஓடும். நாம் 8 கன மீட்டர் வடித்தோம் என்று எழுதுவோம், உண்மையில் 3தான் வடிந்திருக்கும். 1.5 மீட்டராக நீட்டினால் விகிதம் 4.2 ஆகிவிடும்.

வலைநுனி

சரியான திருத்தம். 1.5 மீட்டரே வைத்துக்கொள்ளுங்கள். 120டி வலைக்கு அதுவும் பற்றாது, ஏனென்றால் அந்தத் துணியில் திறப்பு இன்னும் குறைவு. அந்த வலையை இரண்டு நிமிடத்துக்கு மேல் தண்ணீரில் வைக்காதீர்கள். தாவர மிதவையை எண்ணத்தான் வேண்டும் என்றால் வலையே தேவையில்லை: ஒரு லிட்டர் தண்ணீரை அள்ளி, லுகால் அயோடின் கரைசல் விட்டு வெளிர்த் தேயிலை நிறத்துக்குக் கொண்டுவந்து, இருட்டில் இரண்டு நாள் படியவிட்டு, மேல்தண்ணீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். வலையில் தப்பும் மிகச் சிறியவையும் இதில் கிடைக்கும்.

கரைமேடு

படகு இல்லாமல் வலையை இழுப்பது எப்படி? வடிந்த தண்ணீரின் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

வலைநுனி

மீன்பிடித் துறையின் படகுத்துறையிலிருந்து கட்டித் தொங்கவிடுங்கள். நீவாடே, அதாவது நீரோட்டமே, வலைக்குள் தண்ணீரைத் தள்ளும். முகத்துவாரத்தின் மணல்திட்டுப் பக்கம் பிள்ளைகளை இறக்கவே கூடாது; வற்றம் இழுக்கும்போது அங்கே காலடி மணலே நகரும்.

ஆய்வுக் கப்பல்களில் வலைவாயில் சுழலி மீட்டர் கட்டுவார்கள். அது இல்லாத இடத்தில் ஒரு எலுமிச்சம்பழம் போதும். துறை ஓரமாக 10 மீட்டர் அளந்து இரண்டு இடத்தில் குறியிட்டு, பழத்தை விட்டுக் கடக்கும் நேரத்தை எடுங்கள். வலை இறக்கும் முன் ஒரு தடவை, ஏற்றிய பின் ஒரு தடவை, சராசரி எடுங்கள். 25 விநாடி என்று வந்தால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். 5 நிமிடம் வைத்தால் 120 மீட்டர் நீளத் தண்ணீர். அதை வாய்ப் பரப்பான 0.0707ஆல் பெருக்கினால் 8.5 கன மீட்டர். தக்கையை விடப் பழம் நல்லது, பெரும்பகுதி தண்ணீருக்குள் அமிழ்ந்து போவதால் காற்று அதைத் தள்ளாது.

வலையை ஏற்றியதும் வெளிப்பக்கமாகத் தண்ணீர் ஊற்றி உயிரிகளைப் புட்டிக்கு இறக்குங்கள். உள்பக்கம் ஊற்றினால் அந்தத் தண்ணீரில் இருக்கும் புது உயிரிகளும் சேர்ந்துவிடும். ஜெல்லி வந்திருந்தால் முதலில் அதை எடுத்து, அளந்து எழுதி, வெளியே விடுங்கள். புட்டிக்குள் விட்டால் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும்.

எண்ணும் விதம். புட்டியை 250 மி.லி.க்கு நிரப்பி, மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கி, அகல வாய் பிப்பெட்டால் 1 மி.லி. எடுத்துக் கட்டம் போட்ட தட்டில் எண்ணுங்கள். மூன்று முறை. சராசரி 34 துடுப்புக்காலி என்றால் மொத்தம் 8,500, 8.5ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 1,000. மூன்று எண்ணிக்கையும் 12, 34, 60 என்று சிதறினால் கலக்கியது சரியில்லை. சாதாரண பிப்பெட்டின் கூர் நுனி பெரிய உயிரிகளை உள்ளே விடாது. நுனியை வெட்டி அகலப்படுத்தினால்தான் நண்டுக் குஞ்சும் எண்ணிக்கையில் வரும்.

கரைமேடு

பதப்படுத்த ஃபார்மலின்தானா? பிள்ளைகள் கையில் கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

சேற்றுக்கால்

தயக்கம் நியாயமானது. பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம். முதல் நாள் உயிரோடு பாருங்கள். புட்டியைப் பாதிதான் நிரப்பி, ஐஸ் பெட்டியில் நிழலில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். துடுப்புக்காலி ஒரே சுண்டலில் எகிறுவதை, நண்டின் சோயியா லார்வா முதுகு முள்ளோடு உருளுவதை உயிரோடு பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பதப்படுத்தினால் நிறம், அசைவு இரண்டும் போய்விடும்.

எண்ணி வைக்க வேண்டிய புட்டிக்கு ஆசிரியரே கையுறை போட்டு, திறந்த வெளியில், 237 மி.லி. மாதிரிக்கு 12.5 மி.லி. ஃபார்மலின் விட்டால் 5 விழுக்காடு ஆகும். ஃபார்மலின் புட்டியில் வெங்காரம் அடியில் கரையாமல் தங்கும்வரை முன்கூட்டியே போட்டு வையுங்கள். வெங்காரம் இல்லாத ஃபார்மலின் அமிலமாகிக்கொண்டே போகும். சிப்பிக் குஞ்சின் சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஓடில்லாத சதைத்துளிதான் இருக்கும், எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. புட்டியில் உயிரி கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் போனால் மருந்து பற்றாமல் அழுகும். மரபணு பார்க்கப் போகிற மாதிரிக்கு ஃபார்மலின் ஆகாது. 95 விழுக்காடு எத்தனால் ஊற்றி, மறுநாள் அதை மாற்ற வேண்டும். உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீர் அதை நீர்த்துவிடும்.

சீட்டைப் புட்டிக்கு உள்ளே போடுங்கள், பென்சிலில் எழுதி. பேனா மை கரையும், வெளியே ஒட்டியது உரியும்.

அடித்தளத்துக்கு வருகிறேன். கடலில் வான்வீன் கவ்வி என்று இரண்டு தாடை உள்ள இரும்புக் கருவியை இறக்கி 0.1 சதுர மீட்டர் சேற்றைக் கவ்வி எடுப்பார்கள். தாடைக்கு இடையில் ஒரு சிப்பி மாட்டியிருந்தாலும் வழியில் சேறு ஒழுகிவிடும். அப்படி வந்த மாதிரியைக் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும். கரையில் நிற்பவர்களுக்கு 4 அங்குல பிவிசி குழாய் போதும். வற்றத்தில் வெளிப்பட்ட சேற்றில் 15 செ.மீ. ஆழம் இறக்கி, மேல்வாயை மூடியால் அடைத்துத் தூக்குங்கள். மூடாமல் தூக்கினால் சேறு கீழேயே தங்கிவிடும். உள்விட்டம் 10 செ.மீ. என்றால் ஒரு குழாயின் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஒரே இடத்தில் ஐந்து எடுங்கள். ஐந்திலும் சேர்த்து 20 புழு இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 510.

அரை மி.மீ. சல்லடையில் சலியுங்கள். குழாய்த் தண்ணீரை மேலிருந்து பீய்ச்சாதீர்கள், புழுக்கள் அறுந்துவிடும். சல்லடையை ஒரு தொட்டித் தண்ணீரில் பாதி அமிழ்த்தி மெல்ல ஆட்டுங்கள். அறுந்த துண்டுகளில் தலையை மட்டும் எண்ணுங்கள். வாலையும் எண்ணினால் ஒரு புழு மூன்றாகிவிடும். இந்தத் தப்பு எல்லா இடத்திலும் நடக்கிறது.

புழு சுருண்டு போகாமல் பதப்படுத்த, 73 கிராம் மெக்னீசியம் குளோரைடு ஹெக்சாஹைட்ரேட்டை ஒரு லிட்டர் நன்னீரில் கரைத்து அதில் கால் மணி முதல் அரை மணி நேரம் விடுங்கள். மயங்கி நீளும், அப்போது தாடையும் காலும் தெரியும். குழாயிலிருந்து வந்த சேற்றை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். மேலே பழுப்பு, கீழே கறுப்பு. கறுப்பில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அங்கே ஆக்சிஜன் இல்லை. நண்டு வளை போன இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் கறுப்புக்குள் விரல் போல இறங்கியிருக்கும். வளை வழியாகக் காற்று கீழே போகிறது என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஒரு கண்டிப்பான விஷயம். பிச்சாவரம், முத்துப்பேட்டை, கோடியக்கரை வனப்பகுதிகளில் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி சேறுகூட எடுக்கக் கூடாது. கடலட்டை, கடற்குதிரை, ஆமை, ஆமை முட்டை எங்கே கிடைத்தாலும் தொடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. படம் எடுத்து, இடமும் நேரமும் எழுதினால் போதும்.

தரங்கை

மீன் பக்கம் யாரும் வரவில்லையே. மீன் ஆய்வுக்கு, படகுகள் மீனை இறக்கும் இறங்குதளமே ஆய்வுக்கூடம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. நாட்டின் மீன்வரவு மதிப்பீடே இறங்குதளங்களைச் சீட்டுக்குலுக்கல் போலத் தேர்ந்து, குறித்த நாட்களில் போய் எடுக்கும் மாதிரிகளை வைத்துத்தான் செய்கிறார்கள்.

பழையாற்றில் விடிகாலையில் படகு வந்ததும் ஏலத்துக்குப் பிரிக்கும் முன் அளக்க வேண்டும். பிரித்த பின் அளந்தால் ஒரு கூடையில் பெரிது, ஒரு கூடையில் சிறிது என்றாகிவிடும். எந்தக் கூடை கையில் வந்ததோ அதுவே முடிவு. ஏலம் விடுபவரிடமும் படகுக்காரரிடமும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வலை, எவ்வளவு ஆழம், எத்தனை மணி நேரம் என்று அவர்கள் சொல்வதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் எடை எண்ணுக்குப் பொருளே கிடையாது.

ஒரே வகையில் 50 மீன் எடுங்கள். காணாங்கெளுத்தி நல்லது. வாய் மூடிய நிலையில் மூக்கு நுனியை அளவுப்பலகையின் முட்டில் வைத்து, வால் நுனிவரை மொத்த நீளம். வால் பிளவுவரை அளப்பது வேறு அளவு. பாதிப் பேர் ஒரு விதமாகவும் மீதிப் பேர் வேறு விதமாகவும் அளந்தால் அட்டவணை பாழ். எடையையும் போட்டு, இரண்டுக்கும் மடக்கை எடுத்து வரைபடத்தில் வைத்தால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டை ஒட்டி விழும். அந்தக் கோட்டின் சாய்வு 3ஐ ஒட்டி இருந்தால் மீன் தன் வடிவம் மாறாமல் வளர்கிறது.

வயது பார்க்கக் கத்தாளை எடுங்கள். தலைக்குள் இருக்கும் காதுக்கல் அதில் பெரிது, சமைத்த தலையிலிருந்தே எடுக்கலாம். மரத்தில் போல அந்தக் கல்லில் ஆண்டு வளையம் விழும். குளிர்நாட்டு மீனில் குளிர்கால வளையம் தெளிவாக இருக்கும். நம் கடலில் குளிர் என்று பெரிதாக இல்லாததால் ஆண்டு வளையம் மங்கல். அதனால்தான் நம் ஊர் ஆய்வாளர்கள் மாதாமாதம் நீளம் அளந்து, ஒரே கூட்டத்து மீன்களின் நீளம் எப்படிக் கூடுகிறது என்பதைப் பின்தொடர்கிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது வருவது நாட்டுப்படகு மீன் மட்டுமே. தடைக்கு முன் எடுத்ததையும் தடையில் எடுத்ததையும் ஒப்பிட்டு 'மீன் குறைந்துவிட்டது' என்று எழுதுவது பெரும் பிழை. மீனல்ல, வலைதான் மாறியிருக்கிறது.

கோழித்தீவனத்துக்குப் போகும் கழிவு மீன் குவியலைக் கட்டாயம் பாருங்கள். விற்கிற கூடையில் மூன்று நான்கு வகைதான் இருக்கும். சின்ன நண்டு, நட்சத்திர மீன், விலாங்குக் குஞ்சு, பேர் தெரியாத இருபது வகை எல்லாம் அந்தக் குவியலில்தான்.

வாடைக்காற்று

கரையிலிருந்து தள்ளிப் போனால் என்ன செய்கிறார்கள் என்று சுருக்கமாக. 1872 முதல் 1876 வரை போன பிரிட்டனின் சேலஞ்சர் ஆய்வுக் கப்பல் கயிற்றில் வலையும் வாளியும் இறக்கித்தான் ஆழ்கடலில் உயிர் இருப்பதைக் காட்டியது. அடிப்படை இன்றும் அதேதான், கருவி மாறியிருக்கிறது. நம் நாட்டின் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பல் 1984இலிருந்து ஓடுகிறது. வட்டமாக அடுக்கிய புட்டிகளை இறக்கி, வேண்டிய ஆழத்தில் ஒவ்வொன்றாக மூடச் செய்வார்கள். கூடவே போகும் உணரி உப்பு, வெப்பம், ஆழத்தை நொடிக்கு நொடி அனுப்பும். ஆர்கோ மிதவைகள் ஆளில்லாமல் 2,000 மீட்டர் வரை இறங்கிப் பத்து நாளுக்கு ஒருமுறை மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லும். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை மையம்) அதை வாங்கித் தொகுக்கிறது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகள் என்று மீனவர்களுக்கு வரும் அறிவிப்பும் அங்கிருந்துதான், செயற்கைக்கோள் வழியாகக் கடல் வெப்பமும் தாவர மிதவையின் பச்சையமும் பார்த்து.

செயற்கைக்கோள் பச்சையத்தைக் கரையோரத்தில் அப்படியே நம்பாதீர்கள். கொள்ளிடம் கொண்டுவந்த வண்டலையும் அது பச்சையமாக எண்ணிவிடும். மழைக்காலத்தில் மேகம் மறைத்து வாரக்கணக்கில் படமே வராது. அதனால்தான் கையால் அள்ளிய மாதிரிக்கு இன்றும் மதிப்பு.

இன்னொன்று. மழைக்காலத்தில் தரங்கம்பாடிக்கு நேரே உள்ள கடலின் உப்பு 35 என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வாநீவாடு, அதாவது வடக்கிலிருந்து வரும் நீரோட்டம், வடக்கே கலந்த ஆற்றுநீரைக் கரையோரமாகத் தெற்கே கொண்டுவரும், உப்பு அதற்குக் கீழே இறங்கும். அளந்துவிட்டு எழுதுங்கள்.

பகல், இரவும் பார்க்க வேண்டும். மிதவை விலங்குகளில் பல பகலில் ஆழத்தில் ஒளிந்து, இரவில் மேலே வந்து மேயும். பகல் மாதிரியையும் இரவு மாதிரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

கரைமேடு

நன்றி. மார்ச் பௌர்ணமியை ஒட்டி முதல் நாள். படகுத்துறையில் 43டி வலை, வற்றத்தில் ஐந்து குழாய்ச் சேறு, மேலும் அடியிலும் உப்பு. ஆக்சிஜனும் பார்க்கலாமா? தொடர்ந்து வரும் மாதங்களில் எந்த நாளில் போவது?

உப்பங்கழி

ஆக்சிஜனுக்கு விங்க்ளர் முறை. பள்ளி வேதியியல் ஆய்வகம் போதும். 300 மி.லி. புட்டியைக் குழாயை அடிவரை விட்டு நிரப்பி, இரண்டு மூன்று மடங்கு தண்ணீர் வழியவிட்டு, குமிழி இல்லாமல் மூடுங்கள். ஒரு குமிழி தங்கினாலும் எண் ஏறிவிடும். கரையிலேயே மாங்கனீஸ் சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு 1 மி.லி., இரண்டையும் பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்க விடுங்கள். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது, வெள்ளையாக நின்றால் இல்லை. அது பாதிவரை படிந்ததும் ஆசிரியர் 1 மி.லி. அடர் கந்தக அமிலம் விட வேண்டும். கலங்கல் தெளிந்து மஞ்சளாகும். அதில் 200 மி.லி. எடுத்து 0.025 நார்மல் தயோசல்பேட்டால் தரம்பாருங்கள். செலவான ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 1 மி.கி. ஆக்சிஜன். நிறங்காட்டியான மாப்பசையை (ஸ்டார்ச் கரைசல்) வெளிர் மஞ்சள் ஆனபிறகே விடுங்கள். முன்னால் விட்டால் அயோடினைப் பிடித்து வைத்துக்கொண்டு நீலம் போகவே போகாது.

நாள் கேட்டீர்கள். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஏற்றமும் வற்றமும் கிட்டத்தட்ட அதே கடிகார மணிக்கு வரும். ஒரு நாள் தள்ளினால் சுமார் 50 நிமிடம் தள்ளும். ஆகவே மாதாமாதம் பௌர்ணமியன்றே, அதே துறையில், அதே மணிக்குப் போனால் ஓதம் (ஏற்றவற்றம்) ஒன்றாக இருக்கும். மாறுவது பருவம் மட்டும். ஓத அட்டவணையில் இருப்பது கடல்வாயின் நேரம். துறை எவ்வளவு உள்ளே இருக்கிறதோ அவ்வளவு தாமதமாகத் தண்ணீர் திரும்பும், அதை முதல் தடவையே குச்சி நட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனம் தெரியாமல் நிற்பவற்றைப் படம் எடுத்து எண் போட்டு வையுங்கள். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போய்க் காட்டலாம். பெயர் உறுதியாகாதவரை 'துடுப்புக்காலி வகை 3' என்று எழுதுவதே சரி.

வலைநுனி

வலையை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் இழை நைந்துவிடும். உப்பு காய்ந்து கண்ணில் தங்கினால் அடுத்த பௌர்ணமிக்கு 150 மைக்ரான் வலை 150ஆக இருக்காது.